பூப்போட்டுப் பார்த்த நாய்க்குட்டி

எழில்மதிக்கு வெள்ளைக் குட்டிதான் வேண்டும். அவள் தம்பி கவியரசனுக்குச் சப்பை மூக்குக் குட்டிதான் வேண்டும். வீட்டிலோ ஒரு நாய்க்குத்தான் இடம்.

கள்ளக்குறிச்சியில் அப்பாவின் நண்பர் பழனி வீட்டுக்குப் போய் இரண்டையும் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து இதே பேச்சு. ஒன்று பொமரேனியன். பஞ்சுமிட்டாயை உருட்டிவிட்டதுபோல ஓடும். இன்னொன்று பக். முகமெல்லாம் சுருக்கம். எப்போதும் யாரோ திட்டிவிட்டதுபோல ஒரு பார்வை.

"ஞாயித்துக்கெழம வந்து ஏதாச்சும் ஒண்ண எடுத்துக்கினு போங்க" என்று பழனி மாமா சொல்லியிருந்தார்.

"அது மூஞ்சிய பாத்தா எனக்குச் சோறே எறங்காது" என்றாள் எழில்மதி.

"எல்லாரும் இப்படியே சொன்னா அது இன்னாக்கா பண்ணும்? பாவம்" என்றான் கவி.

மரவள்ளிக் காட்டிலிருந்து களைத்து வந்த அப்பா காதைப் பொத்திக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். "பூப்போட்டுப் பாத்துடலாம் அமிர்தம். சாமி சொல்றபடி செய்வோம்."

நைனார்பாளையத்தில் அவர்கள் வீட்டில் எது முடிவாகாவிட்டாலும் அதுதான் வழக்கம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் மாரியம்மன் முன்னால் வைத்து, வீட்டின் சின்னப் பிள்ளையை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எந்தப் பூ வருகிறதோ அது அம்மன் வாக்கு. காட்டில் எந்த இடத்தில் போர் போடுவது என்பதைக்கூட அப்பா அப்படித்தான் முடிவு செய்தார். தண்ணீரும் வந்தது.

"வெள்ள வந்தா பொமரேனியன், செவப்பு வந்தா பக்கு. எழிலு, நீ போயி பூவ பறிச்சி மடிச்சிக்கினு வா" என்றார் அம்மா.

வினை அங்கேதான் வந்தது.

கொல்லையில் நந்தியாவட்டையும் செவ்வரளியும் பக்கத்தில் பக்கத்தில் பூத்திருந்தன. ஒரு நந்தியாவட்டைப் பூவைப் பறித்துக் காகிதத்தில் மடித்தாள் எழில்மதி. அடுத்து அவள் கை செவ்வரளிப் பக்கம் போனது. பாதி வழியில் நின்றது. யாரும் பார்க்கவில்லை. கை மறுபடியும் நந்தியாவட்டைக்கே திரும்பியது.

கோயிலில் கவி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தான். பிறகு ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். வெள்ளை.

அவன் முகம் சட்டென்று வாடியது. அழப்போகிறான், தரையில் புரளப்போகிறான் என்று நினைத்தாள் எழில்மதி. அவனோ பூவைக் கண்களில் ஒற்றிக்கொண்டான்.

"சாமியே சொல்லிடுச்சி. வெள்ளக் குட்டிதான்" என்றான்.

அவன் அழுதிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு. மிச்சமிருந்த பொட்டலத்தை அவசரமாக எடுத்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

அதன்பிறகு கவி செய்த ஒவ்வொன்றும் அவளைக் குத்தியது. தன் போர்வையை மடித்து மூலையில் போட்டு, "வெள்ளக் குட்டிக்கு மெத்த" என்றான். எதிர்வீட்டுப் பிச்சைமுத்துவிடம், "எங்க வூட்டுக்கு சாமி அனுப்புன நாய் வருதே" என்று பெருமையடித்தான். அம்மா விளக்கேற்றியபோது கைகூப்பி நின்றான்.

"ஆத்தா, அந்தப் பக்கு குட்டிய யாராச்சும் நல்லவங்க எடுத்துக்கினு போவணும்."

எழில்மதிக்கு அன்று சோறு இறங்கவில்லை. சுவரில் தொங்கிய நாள்காட்டியில் அம்மன் படம் இருந்தது. அந்தப் பக்கமே அவள் திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எழில்மதி தம்பியைக் கொல்லைக்கு அழைத்துப் போனாள். பொட்டலத்தை அவன் கையில் வைத்தாள்.

"பிரிச்சிப் பாரு."

உள்ளே ஒரு வாடிய பூ.

"நந்தியாவட்ட" என்றான் கவி. கொஞ்சம் யோசித்தான். "அப்போ செவப்பு எங்கக்கா?"

"செவப்பு வெக்கவே இல்லடா."

"அப்ப அது சாமி சொன்னது இல்லியா?"

"இல்ல. நான் சொன்னது."

கவியின் கண்கள் பெரிதாயின. "சாமியவே ஏமாத்திட்டியாக்கா?"

"சாமிக்கு எல்லாம் தெரியும்டா. உன்னத்தான் ஏமாத்திட்டேன்" என்றாள் எழில்மதி.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, தானே போய் அப்பா அம்மாவிடமும் சொன்னாள். அப்பா திட்டவில்லை. கையிலிருந்த துணியை ஒரு முறை உதறினார். "போர் போடறப்ப நான் இப்படி மடிச்சிருந்தா வெறும் புழுதிதான் வந்திருக்கும்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

"இன்னொரு தபா பூப்போட்டுப் பாத்துடலாம்" என்றார் அம்மா. "இந்தத் தபா நான் மடிக்கிறேன்."

"வாணாம்மா. அக்காவே மடிக்கட்டும்" என்றான் கவி.

எழில்மதி தம்பியைக் கொல்லைக்குள் இழுத்து அவன் காதில் கிசுகிசுத்தாள். "ரெண்டுலயும் செவப்பே வெச்சிடறேன்டா."

"அதுவும் ஏமாத்துற வேலதான்க்கா. ஒண்ணு வெள்ள, ஒண்ணு செவப்பு. ஒழுங்கா மடி."

அவள் ஒழுங்காக மடித்தாள். இந்த முறை கோயிலில் அம்மன் முகத்தை நிமிர்ந்து பார்க்கவும் முடிந்தது. கவி ஒரு பொட்டலத்தை எடுத்து அக்காவிடம் நீட்டினான்.

"நீயே பிரிச்சிப் பாருக்கா."

பிரித்தாள். செவ்வரளி.

பஞ்சுமிட்டாய்க் குட்டி ஒரு கணம் மனதுக்குள் ஓடி மறைந்தது. கவி குதித்த குதியில் கோயில் மணி அவன் தலையில் இடித்து, தானாகவே ஒலித்தது.

மதியம் பக் குட்டி வீட்டுக்கு வந்தது. மூலையில் கிடந்த போர்வையை மோந்து பார்த்துவிட்டு, நேராக எழில்மதியின் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே வந்து உட்கார்ந்தது. கொர் கொர் என்று மூச்சு விட்டபடி, யாரோ திட்டிவிட்டதுபோல எழில்மதியையே பார்த்தது.

"உன்ன யாரும் திட்டலடா" என்று ஒரு பிடி சோற்றை ஆறவைத்து அதற்கு வைத்தாள்.

பிறகு அந்த மூஞ்சியைப் பார்த்துக்கொண்டே, அம்மாவிடம் மறுபடியும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.