தண்டுமேட்டுக் கடிதம்

"எங்கூட்டுக்காரரு கொலை பண்ணலீங்க, ஐயா. சாயங்காலம் கடலூர் ஜெயிலுக்கு ஏத்திடுவாங்களாம்," என்றாள் சின்னபொண்ணு. கிணறு வெட்டும் மண்ணாங்கட்டியின் மனைவி. திண்டிவனம் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து நேராக மாசிலாமணியின் வீட்டுக்கு வந்திருந்தாள்.

முந்தின நாள் மதியம், ஓய்வுபெற்ற குமாஸ்தா பாண்டுரங்கன் தன் வீட்டில் மண்டை உடைந்து செத்துக் கிடந்தார். பக்கத்தில் மண்ணாங்கட்டியின் கடப்பாரை. அங்கேதான் அவன் கிணற்றுவேலை. அலமாரியில் அவர் சேர்த்த பழைய ஆங்கிலக் காகிதங்கள் நூறு; பட்டியலில் இருந்த ஒரு கடிதத்தை மட்டும் காணோம்.

கோர்ட்டில் முப்பது வருடம் சம்மன் சுமந்த மாசிலாமணி, காலையில் வந்த கார்டை நண்பர் கமாலுதீனிடம் நீட்டினார். பாண்டுரங்கன் எழுதியது: "தண்டுமேட்டுக் கடிதம் கிடைத்தது. ஊர்க்கதை தலைகீழ். திங்கட்கிழமை கோர்ட்டில் காட்டுவேன்."

ஊர்க்கதை எல்லோரும் அறிந்ததுதான். வெள்ளைக்காரன் காலத்தில் படைத்தளபதிக்கும் கவர்னருக்கும் யார் பெரியவன் என்று சண்டை. தளபதி கவர்னரைச் சிறையில் அடைத்தான். படை தங்கிய தண்டுமேட்டைத் தன் மொழிபெயர்ப்பாளனான துபாஷிக்கு எழுதிக்கொடுத்தான். துபாஷியின் வாரிசு விருத்தாசலம், இப்போது மேட்டிலுள்ள அறுபது குடிசைகளைக் காலிபண்ண வழக்குப் போட்டிருந்தார். மண்ணாங்கட்டியின் குடிசையும் அதில் ஒன்று.

அவர்கள் ஸ்டேஷனுக்குப் போனபோது, சாட்சி சொல்ல வந்த விருத்தாசலம் சப்-இன்ஸ்பெக்டருக்கு எதிரே நாற்காலியில் இருந்தார். மண்ணாங்கட்டி தரையில், உதடு கிழிந்திருந்தது.

"காணாமப்போன கடிதத்தப் பாத்தீங்களா?" என்றார் மாசிலாமணி, விருத்தாசலத்திடம்.

"கண்ணால கண்டதில்லய்யா."

"வழக்கு இனி என்னாவும்?"

"என்னாவும்? எவனோ தளபதி ஜெயிலுக்குப் போனான்னா, ஏழு தலைமுறை பூமி என் கைய வுட்டுப் போயிடுமா?"

"வாங்கண்ணே, இவராண்ட பேசிக்கினு இருந்தா பேஜாருதான்," என்று கமாலுதீன் இழுத்தார்.

மாசிலாமணி நகரவில்லை. "கமாலு, ஊர்க்கதையில ஜெயிலுக்குப் போனது யாரு?"

"கவர்னரு."

"இவரு யாருன்னாரு?"

"தளபதின்னாரு!"

மாசிலாமணி சப்-இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "ஊர்க்கதை தலைகீழ்னா, ஜெயிச்சது கவர்னருங்க. அப்போ தளபதி எழுதிக்குடுத்தது செல்லாது. கடிதம் பாக்காதவருக்கு இது எப்படித் தெரியும்? மண்ணாங்கட்டிக்குத் தமிழே படிக்கத் தெரியாது. நூறு இங்கிலீஷ் காகிதத்துல அத மட்டும் எப்படிப் பொறுக்குவான்?"

விருத்தாசலம் நாற்காலியிலிருந்து எழுந்தார். "பாண்டுரங்கனே படிச்சிக் காட்டினான். கிழிச்சிடுன்னு கெஞ்சினேன். கோர்ட்டுல பாத்துக்கலாம்னு சிரிச்சான். பக்கத்துல கடப்பாரை கெடந்துச்சு, எடுத்து அடிச்சிட்டேன்."

"கடிதம்?"

"அடுப்புல போட்டுட்டேன்."

மண்ணாங்கட்டியை விட்டார்கள். சின்னபொண்ணு அவனைத் தாங்கிக்கொண்டு வாசலில் நின்றாள். "மேடு எங்களுக்குத்தானே, ஐயா?"

"கடிதம் இல்லியே, தாயி. விருத்தாசலத்துக்கு மூணு பசங்க. வழக்கு அவங்க பேருல நடக்கும்."

அவள் கணவனின் கையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "நட. மழைக்கு முன்ன கூரையப் பிரிச்சி எடுத்துக்கினு வேற எடம் போயிடலாம்."