ஐந்தும் ஆண்தான்

ஐந்து மீன்களில் ஒன்று சாப்பிடவில்லை. உமைர் தீனியை விரல்நுனியில் கசக்கித் தூவியதும் நான்கு மஞ்சள் மீன்கள் முட்டி மோதிக்கொண்டு மேலே வந்தன. ஐந்தாவது மட்டும் கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவிலிருந்த இடுக்கை விட்டு நகராமல், வாயை இறுக மூடியபடி, தாடையை மெல்ல அசைத்துக்கொண்டு நின்றது. வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருப்பவர்கள் அப்படித்தான் அசைப்பார்கள். ஒரு துண்டுத் தீனி மிதந்து வந்து அதன் உதட்டில் இடித்தது. மீன் தலையைத் திருப்பிக்கொண்டது.

"அது நேத்தும் சாப்பிடலங்க," என்றாள் ஆஸ்மா.

உமைருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மீனுக்காக இல்லை. அந்த வாரத்தில் அவன் மனைவி தானாக வாய் திறந்து பேசியது அப்போதுதான்.

ஆஸ்மா ஒரு காலத்தில் பேச்சை நிறுத்தத் தெரியாதவள். லிஃப்டில் பன்னிரண்டு மாடி ஏறுவதற்குள் மூன்று பேரின் குடும்பக் கதையைக் கேட்டுவிட்டு, அதை வாசற்கதவு திறப்பதற்குள் அவனிடம் சொல்லியும் முடித்துவிடுவாள். ஏழாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே பெண் குழந்தையின் துடிப்பு நின்றுபோனது. பிரசவ அறையில் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் நாள் ஆகல, இப்ப எடுக்காதீங்க, இன்னும் நாள் ஆகல," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். வெள்ளைத் துணியில் சுற்றிய பிள்ளையை உமைர்தான் சுவா சூ காங் கபர்ஸ்தானுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்தான். அவன் திரும்பி வந்தபோது அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ஒரு வகையில் இன்னும் அப்படியேதான் படுத்திருந்தாள்.

பிள்ளை போனதை அவன் எப்படியோ நெஞ்சில் போட்டுப் பூட்டிவிட்டான். ஆனால் இவளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தாள். அதைத்தான் அவனால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. அவள் ஒரு வாய் ஒழுங்காகச் சாப்பிட வேண்டும், பழையபடி ஊர்க்கதை பேச வேண்டும், அவனுக்கு அது போதும். அதற்காகத்தான் மீன்தொட்டி வாங்கினான். ஆம்பிளைகளுக்கு யோசனை இப்படித்தான் போகும், துக்கத்துக்கு எதிரே ஒரு சாமானை வாங்கி வைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று. தொட்டில் போடுவதற்காக ஒழித்து வைத்திருந்த மூலை காலியாகக் கிடந்தது. தொட்டியை அங்கே வைத்தான்.

மீன் வாங்கியது மோகனப்பிரியாவின் கடையில். ஜாலான் புசாரில் உமைரின் பூட்டு, ஆணிக் கடையிலிருந்து இரண்டு சந்து தள்ளி அந்தக் கடை. அவளிடம் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டான்: எல்லாம் ஆணாக இருக்க வேண்டும். அந்தத் தொட்டியில் முட்டை, குஞ்சு என்று எதுவும் ஆஸ்மாவின் கண்ணில் படக்கூடாது. பிரியாவும் புரிந்துகொண்டு, ஒவ்வொரு மீனையும் ஈர உள்ளங்கையில் மல்லாத்திக் காட்டினாள்.

"வயித்துக்கு அடியில ரெண்டு துவாரம் தெரியுதா அண்ணே? ரெண்டும் ஒரே சைஸ்னா ஆண். பின்னாடி இருக்கிறது பெருசா இருந்தா பொண்ணு. துடுப்புல ஆரஞ்சுப் புள்ளி பாருங்க, அதுவும் ஆணுக்குத்தான் எடுப்பா இருக்கும்."

நான்கு தேறின. ஐந்தாவது நெளிந்துகொண்டே இருந்தது. பிரியா கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "இது சின்னது, சரியா சொல்ல முடியல லா," என்று இழுத்தாள். உமைர் ஃபோன் வெளிச்சத்தை அடித்துக் குனிந்து பார்த்தான். திருகாணியின் அளவைப் பார்த்த மாத்திரத்தில் சொல்கிறவன் என்று அவனுக்குக் கொஞ்சம் மிதப்பு உண்டு. புள்ளி இருந்தது. துவாரங்களும் ஒன்று போலத்தான் தெரிந்தன.

"ஐந்தும் ஆண்தான், போடு," என்றான்.

சாப்பிடாத அந்த மீனை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு இப்போது மறுபடி பிரியாவிடம் போனான். அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். முதலில் சிரித்தாள், பிறகு அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"தொண்டை உப்பியிருக்கு பாருங்க. இது பொண்ணுண்ணே. முட்டைய வாயில வெச்சிருக்கு."

"வாயிலயா?"

"இந்த ஜாதி அப்படித்தான். முட்டை பொரிஞ்சு, குஞ்சு நீந்துற வரைக்கும் வாய்க்குள்ளயே வெச்சிருக்கும். அதுவரைக்கும் ஒண்ணும் திங்காது. சிலது பட்டினியிலயே போயிரும். இது ஏற்கெனவே மெலிஞ்சிருக்கு."

"வெளிய எடுத்துடலாமா?"

"வாயைத் திறந்து கொட்டிரலாம். நாங்க செய்றதுதான். ஆனா ஒரு வாரம் பொறுங்கண்ணே. இப்ப எடுத்தா குஞ்சு முழுசா ஆகியிருக்காது."

பொறுத்திருந்திருப்பான். ஆனால் அன்று வீடு திரும்பியபோது ஆஸ்மா விளக்குப் போடாமல் தொட்டி வெளிச்சத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, கண்ணாடியில் உதடு படும் அளவுக்குக் குனிந்து, மீனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அருகே போனதும் கேட்டது. "இன்னும் நாள் இருக்கு. அவசரப்படாத. யார் கேட்டாலும் திறக்காத." மீன் வாயில் வைத்திருப்பது என்ன என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அந்த வாரம்தான் அவள் களா நோன்பும் வைக்க ஆரம்பித்திருந்தாள். கர்ப்பத்தின்போது ரமலானில் விட்டுப்போன நோன்புகளைத் திரும்ப நோற்கிறாள் என்று உமைருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, ஏதோ ஒன்றில் மனது போகிறதே என்று. கடையை அடைத்துவிட்டு அவன் வரும்போது தட்டு கழுவிக் கவிழ்த்தபடி இருக்கும். "நோன்பு திறந்துட்டியா?" என்று கேட்பான். தலையாட்டுவாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்னால் வீட்டுக்கு வந்தான். ஆஸ்மா குளித்துக்கொண்டிருந்தாள். அவசர அவசரமாக வலையில் அந்த மீனைப் பிடித்து, கையை நனைத்துக்கொண்டு, கீழுதட்டைக் கட்டைவிரல் நகத்தால் மெல்லத் தள்ளினான். மீன் வாயைத் திறக்க மறுத்தது. சுண்டுவிரல் கனம் கூட இல்லாத ஓர் உயிரிடம் அவ்வளவு பலம் இருக்கும் என்று அவன் நினைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினான். திறந்தது. தலைகீழாகப் பிடித்துக் கிண்ணத்துத் தண்ணீரில் ஆட்டினான். முட்டைகள் விழவில்லை, பாதி ஆன குஞ்சுகள்தான் விழுந்தன. வயிற்றில் மஞ்சள்கரு ஒட்டியிருக்க, வால் மட்டும் வெடவெடக்க, நீந்தத் தெரியாமல் அடியில் குவிந்து கிடந்தன. எல்லாவற்றுக்கும் கண் வந்திருந்தது.

"இன்னும் நாள் ஆகல," என்றது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

ஆஸ்மா ஈரத் தலையோடு நின்றிருந்தாள். உமைர் ஏதேதோ சொன்னான், விட்டிருந்தால் மீன் செத்துப்போயிருக்கும் என்றான், குஞ்சுகளைப் பிரியா வளர்த்துத் தருவாள் என்றான். கையிலிருந்த மீன் துடித்ததால் அதைத் தொட்டியில் விடத் திரும்பினான். விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது கிண்ணத்தில் வெறும் தண்ணீர்தான் இருந்தது. அதுவும் பாதி. ஆஸ்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். கழிப்பறையில் கொட்டிவிட்டாளாக்கும் என்று நினைத்துக்கொண்டான். அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்ததற்காக வெட்கப்பட்டுக்கொண்டே பள்ளிவாசலுக்குப் போனான்.

அதன் பிறகு மீன் சாப்பிட ஆரம்பித்தது. நான்கு நாளில் தேறி, மற்றவற்றைத் துரத்தியது. ஆஸ்மாதான் பேச்சை அடியோடு நிறுத்திவிட்டாள். கோபம், ஆறிவிடும் என்று உமைர் தன்னையே தேற்றிக்கொண்டான். கேட்டதற்குத் தலையாட்டினாள். மன்னிப்புக் கேட்டபோதும் தலையாட்டினாள். நோன்பு மட்டும் தொடர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை கொட்டியது. அவன் கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தான், அவள் பக்கத்தில் படுத்திருந்தாள். ஜன்னல் தகட்டில் மழை விழும் சத்தம், கீழே கோப்பிக் கடையில் யாரோ நாற்காலி இழுக்கும் சத்தம், அவள் மூக்கால் இழுத்து இழுத்து விடும் மூச்சு, இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொரு சத்தமும் இருந்தது: மெலிதாக, ஈரமாக, வாய்க்குள்ளே தண்ணீரைப் புரட்டுகிற சத்தம். நிற்கும். மறுபடி வரும். தலையணையில் பாசித் தண்ணீர் வாடை அடித்தது. கண்ணைத் திறந்து பார்த்தான். ஆஸ்மா விட்டத்தைப் பார்த்தபடி விழித்திருந்தாள். உதடுகள் ஒட்டியிருந்தன. தாடை மெதுவாக அசைந்துகொண்டிருந்தது.

"என்ன மெல்லுற?"

அவள் எழுந்து போய்விட்டாள்.

மாமி ஃபோனில் அழைத்தது அதற்கடுத்த வாரம், கடையில் ஆள் இல்லாத சாயங்கால நேரத்தில். ஆஸ்மாவின் தாயார் சம்சுன்னிசா உட்லண்ட்ஸில் இருக்கிறார், வாரத்துக்கு ஒரு தடவை சாப்பாடு சமைத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்.

"மாப்பிள்ள, இப்பத்தான் உங்க வீட்டுலேர்ந்து வர்றேன். புள்ள எலும்பா இருக்காளே. ஃப்ரிட்ஜுல நான் வெச்ச டப்பா ஒண்ணு கூடத் தொறக்கல. போன வாரத்துதும் அப்படியே கெடக்கு."

"நோன்புல இருக்கா மாமி. நான் வர்றதுக்குள்ள தெறந்துடுறா."

"என்னத்தத் தின்னு தெறக்குறா? நீங்க பாத்தீங்களா?"

கழுவிக் கவிழ்த்த தட்டைத்தான் உமைர் பார்த்திருக்கிறான். அவள் சாப்பிட்டதைப் பார்த்ததில்லை. ஒருநாள்கூட.

"அப்புறம், அவ கன்னம் ஏன் இப்படி வீங்கியிருக்கு? பல்லு வலியான்னு கேட்டேன். வாயத் தொறந்து காட்டவே மாட்டேங்கிறா."

அவன் ஷட்டரை இழுத்து விட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்தான். வழியில் பேரீச்சம்பழம் வாங்கினான். லிஃப்ட் ஒவ்வொரு மாடியாக ஏறியது. வீட்டுக்குள் விளக்கு இல்லை. தொட்டியின் நீல வெளிச்சம் மட்டும். அந்த வாடை வாசலிலேயே வந்து முட்டியது.

ஆஸ்மா அலமாரிக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கில் உட்கார்ந்திருந்தாள். கன்னங்கள் இறங்கி, தாடைக்குக் கீழே தொண்டை உப்பியிருந்தது. மேல்முகம் ஒட்டிப்போயிருந்தது. கண் மட்டும் அவனைப் பார்த்தது.

ரேடியோவில் நோன்பு திறக்கும் நேரத்து மஃரிப் பாங்கு ஆரம்பித்தது. உமைர் அவள் முன்னால் மண்டியிட்டு, பழத்தைக் கொட்டை நீக்கி நீட்டினான்.

"நேரம் ஆயிடுச்சு. பிஸ்மி சொல்லி வாயில போடும்மா."

இல்லை என்று தலையசைத்தாள்.

"ஒரே ஒரு துண்டு."

இல்லை.

அவன் உடைந்துவிட்டான். "நான் பண்ணது தப்புதான். அன்னிக்கு உன்னைக் கேட்காம எடுத்தது தப்புதான். புள்ளயத் தூக்கிட்டுப் போனேன், ஆஸ்மா, இந்தக் கையாலதான் வெச்சுட்டு வந்தேன். உன்னையும் அப்படி வைக்கச் சொல்றியா? முடியாது என்னால. வாயத் திற."

பாங்கு முடிந்தது. மூக்கால் இழுக்கும் மூச்சு மட்டும் கேட்டது. அதோடு அந்தச் சத்தம். உள்ளே. புரண்டது.

அவன் கை தானாக எழுந்தது. கட்டைவிரலை அவள் கீழுதட்டில் வைத்தான். குளிர்ந்திருந்தது. அழுத்தவில்லை. அழுத்தத் துணிவில்லை. அப்படியே வைத்திருந்தான்.

ஆஸ்மாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அழுகிறாள். பிறகு அவள் முகத்தில் ஒன்று மாறியது. அவனுக்கு அது தெரியும். வயிறு முதன்முதலாக அசைந்த அன்று, "இங்க கைய வைங்க," என்று கூப்பிட்டாளே, அதே முகம். இரண்டு கைகளையும் குவித்து, ஒரு சொட்டும் சிந்திவிடக் கூடாது என்பது போல் மோவாய்க்குக் கீழே ஏந்திக்கொண்டாள். வெளிச்சத்தின் பக்கம் முகத்தை நிமிர்த்தினாள்.

அவனுக்குக் காட்டுவதற்காக, மெதுவாக வாயைத் திறந்தாள்.

பல்வரிசை வரை தண்ணீர். கலங்கிய தண்ணீர். நாக்குத் தெரியவில்லை. அடியில் எதுவோ குவிந்து கிடந்தது. வெளிச்சம் பட்டதும் அசைந்தது. கறுப்புப் பொட்டுகள். ஜோடி ஜோடியாக. எல்லாம் அவன் பக்கம் திரும்பின.

மீனுக்கு இமை கிடையாது. அவை ஒவ்வொன்றாக, தூங்கி எழுந்த பிள்ளைகளைப் போல், கண்ணை மூடித் திறந்தன.