மதியம் வந்தவன்

லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடி இனி ஆகாது என்று டாக்டரம்மா சொன்ன அன்றே அவன் வீடு தேட ஆரம்பித்துவிட்டான். மனைவிக்கு ஏழாம் மாதம். ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே இருந்தது. இடையில் உதிரமும் பட்டு, எல்லோரையும் ஒரு ஆட்டு ஆட்டிவிட்டிருந்தது.

"படி ஏறக் கூடாது. குனியக் கூடாது. எப்பவும் இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கணும்," என்ற டாக்டரம்மா, அவன் பக்கம் திரும்பி, "மருந்து பாதிதான். நீங்க கூட இருக்கறதுதான் மீதி," என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே கீழ்வீடு ஒன்று கிடைத்தது. பழைய வீடு. நீளமான கூடம், அதன் கடைசியில் படுக்கையறை. பக்கத்துக் கட்டடத்தின் சுவர் ஜன்னலை ஒட்டி எழும்பியிருந்ததால் பகலிலும் அந்த அறையில் விளக்கு வேண்டும். ஈரச் சுண்ணாம்பு வாடை அடித்தது. வெள்ளையடித்தால் போய்விடும் என்று நினைத்துக்கொண்டான்.

மாடியில் குடியிருந்த வீட்டுக்காரம்மா சாவியை நீட்டும்போதுதான் பக்கத்தில் நின்ற அவன் மனைவியின் வயிற்றைப் பார்த்தார். நீட்டிய கை பாதியில் நின்றது.

"மாசமா இருக்காங்கன்னு நீங்க சொல்லவே இல்லையே."

"அதுக்காகத்தாம்மா கீழ்வீடு பார்த்தோம்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சாவியைக் கொடுத்துவிட்டுப் படியேறிப் போய்விட்டார்.

அவனுக்குப் பழக் கிடங்கில் வேலை. ஆப்பிளும் ஆரஞ்சும் மாதக்கணக்கில் உறங்கும் குளிர் அறைகளுக்கு அவன்தான் சூப்பர்வைசர். சுமை தூக்குகிறவர்கள் அவனை 'ஐஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். எத்தனை வெந்நீரில் கழுவினாலும் அவன் கைகளில் அந்தக் குளிர் வெகுநேரம் தங்கியிருக்கும். அவளும் அதே கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தவள்தான். அங்கே ஆரம்பித்த 'வா, போ' கல்யாணத்துக்குப் பிறகும் மாறவில்லை. "ஊர்ல எத்தனையோ பேர் இருக்க, ஒரு ஃப்ரிட்ஜுக்குப் போய் வாக்கப்பட்டேனே," என்பாள். அவளைத் தொடுவதற்கு முன்னால் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வது அவனுக்குப் பழக்கமாகிவிட்டது.

காலையில் சமைத்து வைத்து, மாத்திரைகளை எடுத்து வைத்து, ஃப்ளாஸ்கில் வெந்நீர் நிரப்பி, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்து, அவள் வசதியாகப் படுத்த பிறகுதான் கிளம்புவான். கட்டில் சுவரோரமாக இருந்தது. இடது பக்கம் ஒருக்களித்தால் அவள் முகம் சுவரைப் பார்த்திருக்கும். முதுகு கதவுப் பக்கம்.

குடிவந்த புதிதில் ஒரு சாயங்காலம் அவள் சொன்னாள். "மதியம் வந்து முதுகு நீவி விட்டியே, சுகமா இருந்துச்சு. அப்படியே கண்ணசந்துட்டேன். சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?"

அவன் சிரித்தான். "கனவு கண்டிருக்க."

"கனவா? கை அவ்வளவு சில்லுன்னு இருந்துச்சு. உன் கை எனக்குத் தெரியாதா?"

அன்று மதியம் அவன் கிடங்கை விட்டு நகரவே இல்லை. லாரி வந்து நின்றதில் சாப்பிடக்கூட நேரம் கிடைக்கவில்லை.

சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சுவரில் மாட்டியிருந்த ரத்த அழுத்தக் கருவியின் பை கண்ணில் பட்டது. விழுங்கிக்கொண்டான்.

"ஆமா, சும்மா எட்டிப் பார்த்தேன்," என்றான்.

மறுநாளே பூட்டை மாற்றினான். எதிர்வீட்டில் ஒரு கார் டிரைவர் இருந்தார். இரவில்தான் சவாரிக்குப் போவார், பகலெல்லாம் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருப்பார். அவரிடம் ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொன்னான்.

"தம்பி, நீங்க போனதிலிருந்து திரும்பி வர்ற வரைக்கும் ஒரு ஈ காக்கா உள்ள போகல," என்றார் டிரைவர் அன்று சாயங்காலம். "நான் இங்கேயேதான் இருந்தேன்."

ஆனால் அன்றும் அவள் சொன்னாள். முதுகை நீவியதாக. அதன் பிறகு வயிற்றில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்ததாக.

"ஒண்ணு கவனிச்சியா? மதியம் நீ கை வெச்சதும் உள்ள அடங்கிப் போயிடுது. கல்லு மாதிரி. நீ போனப்புறமும் ரொம்ப நேரம் அசையல. எனக்கே பயமாயிடுச்சு."

அவன் உள்ளங்கையைத் தேய்த்து அவள் வயிற்றில் வைத்தான். உள்ளேயிருந்து ஒரு உதை. உடனே இன்னொன்று.

"பாரு, இப்ப மட்டும் உதைக்குது," என்று அவள் சிரித்தாள்.

அவன் எழுந்து போய் வாசல் பூட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தான்.

அடுத்த நாள் வழக்கம்போலக் கிளம்பினான். மதியம் யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குத் திரும்பினான். கதவைச் சத்தமில்லாமல் திறந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்தில் நடந்தான். வெளியே வெயில் பிளந்துகொண்டிருந்தது. கூடத்தின் பாதியைத் தாண்டியதும் அவனுக்கு நன்றாகப் பழகிய குளிர் முகத்தில் அறைந்தது. கிடங்கின் கதவைத் திறந்தால் வரும் அதே குளிர்.

அறை வாசலில் நின்றான்.

அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவளுடைய நைட்டியின் முதுகுப்புறத் துணி அமுங்கிப் போயிருந்தது. அந்த அமுக்கம் தோளிலிருந்து இடுப்பு வரை மெல்ல இறங்கியது. மறுபடி ஏறியது. மறுபடி இறங்கியது.

அறையில் வேறு யாருமே இல்லை.

"இன்னும் கொஞ்சம் கீழ," என்று அவள் அரைத் தூக்கத்தில் முனகினாள்.

அமுக்கம் கீழே போனது.

அவன் விரல்களில் இருந்த சாவிக்கொத்து நழுவித் தரையில் விழுந்தது.

"என்ன விழுந்துச்சு?" என்றாள் அவள், திரும்பாமலே.

கட்டிலோரத்திலிருந்து பதில் வந்தது.

"ஒண்ணுமில்ல. நீ தூங்கு."

அது அவனுடைய குரல்.

எப்படி உள்ளே பாய்ந்தான் என்று அவனுக்கே தெரியாது. மெத்தையின் ஓரம் ஒரு ஆள் உட்கார்ந்த அளவுக்குக் குழிந்திருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் குழி மெதுவாக மேலெழுந்து சமமானது. அவளுக்கு எதுவும் தெரியாது. மறுபடி தூங்கிப்போயிருந்தாள். அவன் அவள் வயிற்றில் கை வைத்தான். அசைவில்லை. கையை எடுக்காமல் அப்படியே மண்டியிட்டிருந்தான். கால் மரத்துப் போனது. கடைசியில், மீன் வால் தட்டியதுபோல, ஒரு சின்னத் துடிப்பு.

அவன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

அவள் எழுந்து சாப்பிட உட்கார்ந்தபோது மாடிக்குப் போனான். அவன் முகத்தைப் பார்த்ததுமே வீட்டுக்காரம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ரொம்ப வருஷம் ஆச்சு," என்றார். "கீழ குடியிருந்தவங்களும் உங்கள மாதிரி புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேர்தான். ஒரு நாள் மதியம் அவளுக்கு வலி வந்ததும் அந்தப் பையன் கார் கூட்டிட்டு வரேன்னு ஓடினான். முனையிலேயே லாரி அடிச்சுப் போட்டுடுச்சு. அந்தப் பொண்ணுக்கு அது தெரியாது. இதோ வந்துடுவான், இதோ வந்துடுவான்னு யாரையும் கூப்பிடாம அந்த ரூம்லயே கிடந்திருக்கா. நாங்க போய்ப் பார்த்தப்ப ரெண்டு உசுரும் இல்ல."

"அப்புறம் ஏம்மா எங்களுக்கு விட்டீங்க?"

"இத்தனை வருஷமா யாரையும் ஒண்ணும் பண்ணதில்லப்பா. பிள்ளைத்தாச்சி யாரும் குடிவந்ததில்ல, அவ்வளவுதான்." அவர் குரல் தேய்ந்தது. "அவளை விட்டுட்டு வெளிய மட்டும் போயிடாத."

அன்றே லீவு சொன்னான். மறுநாள் சாயங்காலம் அவளுடைய அக்கா வீட்டுக்குப் போய்விடலாம் என்று முடிவானது. வீட்டில் கரையான் இருக்கிறது, மருந்தடிக்க வேண்டும் என்று அவளிடம் ஒரு காரணம் சொல்லி வைத்தான். ராத்திரி முழுக்க அவள் முதுகை ஒட்டிப் படுத்திருந்தான். ஒன்றும் நடக்கவில்லை.

மறுநாள் காலையில் துணிகளைப் பெட்டியில் அடுக்கினான். மதியம் நெருங்கும்போது வானம் கறுத்து மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் அவள் அறைக்குள்ளிருந்து கூப்பிட்டாள். இதுவரை அவன் கேட்டிராத குரல்.

"வலிக்குது. இது வேற மாதிரி வலிக்குது."

படுக்கை நனைந்திருந்தது. அவன் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான். கிடைக்கவில்லை. டிரைவருக்குப் போட்டான். அதுவும் போகவில்லை. எதிர்வீடுதானே, ஒரே ஓட்டம்.

"ரெண்டே நிமிஷம். கார் கூட்டிட்டு வந்துடறேன்," என்று சொல்லிவிட்டுக் கூடத்துக்கு ஓடினான். வாசல் கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தான்.

பின்னால் அவள் பேசுவது கேட்டது. வலி போய்விட்டதுபோல நிதானமாக, நிம்மதியாக.

"போகலையா? சரி, நீ பக்கத்துல இருந்தா போதும்."

அவன் தாழ்ப்பாளை விட்டான்.

கூடத்தில் திரும்பி ஓடினான். குளிர் எதிரே சுவர்போல நின்றது. அவள் சுவரைப் பார்த்துக் கிடந்தாள். வலது கையைப் பின்னால் நீட்டியிருந்தாள். விரல்கள் எதையோ பிடித்துக்கொண்டிருந்தன.

"என்னைப் பாரு," என்றான் அறை வாசலிலிருந்து. "இந்தப் பக்கம் திரும்பு. அது நான் இல்ல."

"நான்தான்," என்றது கட்டிலோரம்.

"இவ்வளவு நாளும் மதியத்துல நான் வரவே இல்ல. உனக்குப் பிரஷர் ஏறிடுமேன்னு பொய் சொன்னேன்."

"நான்தான்," என்றது அதே குரல். அவனுடையதை விடவும் கனிவாக. "தூங்கு."

அவள் கண்களை இறுக மூடியிருந்தாள். உதடுகள் வெளுத்திருந்தன. அவன் கட்டில் மேல் ஏறி, அவளைத் தாண்டிச் சுவருக்கும் அவளுக்கும் நடுவே இடுக்கில் இறங்கி, அவளுடைய இடது கையைப் பிடித்தான்.

அவள் கண் திறந்தாள். அவனைப் பார்த்தாள்.

அவன் கிடங்குக்குப் போகாத நாள் அது. குளிர் அறையைத் தொடாத கை.

"உன் கை சுடுது," என்றாள் மெல்ல. பிறகு, பின்னால் நீட்டியிருந்த தன் வலது கையை நினைத்துக்கொண்டவள்போல, அவள் முகம் மாறியது.

"அப்ப இது யாரு?"

அவள் வலது கையை உதறினாள். வரவில்லை. இன்னொரு முறை பலம் கொண்ட மட்டும் இழுத்தாள். வந்தது. மணிக்கட்டைச் சுற்றி விரல் விரலாக நீலம் பாரித்திருந்தது.

அவன் அவளை இரண்டு கைகளிலும் வாரித் தூக்கிக்கொண்டான். கூடம் என்றைக்கும் இவ்வளவு நீளமாக இருந்ததில்லை. பின்னங்கழுத்தில் குளிர் ஒட்டிக்கொண்டே வந்தது. அவன் காதோரம் அவன் குரலே கெஞ்சியது.

"நான் வந்துட்டேன். இந்தத் தடவை வந்துட்டேன்ல?"

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. "என்னையே பாரு, என்னையே பாரு," என்று அவளிடம் சொல்லிக்கொண்டே நடந்தான். தாழ்ப்பாளை முழங்கையால் தள்ளி, கதவை உதைத்துத் திறந்து, மழையில் நின்று கத்தினான். எதிர்வீட்டு டிரைவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

ஆஸ்பத்திரியில் தாமதிக்காமல் ஆபரேஷன் செய்தார்கள். பெண் குழந்தை. ஒரு கைக்குள் அடங்கும் அளவுதான் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் பல நாள் வைத்திருந்தார்கள். அவன் பகலெல்லாம் மனைவியின் கட்டிலருகே, ராத்திரியெல்லாம் அந்தப் பெட்டியருகே என்று கிடந்தான். "நீ கொஞ்சம் தூங்கேன்," என்பாள் அவள். "நீ தூங்கு, நான் பார்த்துக்கறேன்," என்பான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு விழித்திருப்பார்கள்.

அந்த வீட்டுக்கு அவர்கள் மறுபடி போகவே இல்லை. சாமான்களை அக்காவும் டிரைவரும் போய் எடுத்து வந்தார்கள். நகரத்தின் மறுகோடியில் வெயில் விழும் வீடாகப் பார்த்துக் குடிபோனார்கள். குழந்தை பால் குடித்தது, எடை கூடியது, கன்னம் உப்பியது. அவளுக்கும் அழுத்தம் இறங்கி முகத்தில் ரத்தம் ஓடியது. நடந்ததைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதில்லை. நாளாக ஆக, பேச வேண்டும் என்றும் தோன்றவில்லை.

அவன் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்தான்.

ஒரு நாள் மதியம் சாப்பாட்டு வேளையில், கிடங்கின் வெளிப்படிக்கட்டில் உட்கார்ந்து வீட்டுக்கு வீடியோ கால் போட்டான். உடனே எடுக்கப்பட்டது. திரையில் குழந்தை. கட்டிலில் மல்லாந்து, விழித்தபடி படுத்திருந்தது.

"என்னடி குட்டி, சாப்டியா? அம்மா என்ன பண்றா?"

பதில் இல்லை. மனைவி போனைப் பிடித்துக்கொண்டு விளையாடுகிறாள் என்று நினைத்தான். போனைப் பிடித்திருந்த கை கொஞ்சமும் ஆடவில்லை. குழந்தையின் முகத்தை மெதுவாக நெருங்கியது.

வழக்கமாகக் கை காலை உதைத்து ஓயாத குழந்தை அசையாமல் கிடந்தது. அதன் கண்கள் போனைப் பார்க்கவில்லை. அதற்குக் கொஞ்சம் மேலே, எதையோ இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தன.

"ஏய், உன்னைக் காட்டு," என்றான்.

குழந்தைக்குப் பின்னால், அறையின் மறுகோடியில், குளியலறைக் கதவு திறந்தது. ஈரத் தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு அவன் மனைவி வெளியே வந்தாள். கட்டில் பக்கம் பார்த்தாள். போனை அல்ல, அதற்குச் சற்று மேலே. அவள் முகம் மலர்ந்தது.

"எப்ப வந்த? கதவு சத்தமே கேக்கல."

அவன் கத்தினான். அவளுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

போன் மெதுவாகத் திரும்பியது; திரையில் குழந்தை ஓரமாக நகர்ந்து மறைந்தது. சிரித்தபடி நின்றிருந்த அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக அருகே வந்துகொண்டிருந்தது.