விடுதியில் காணாமற்போன சான்றிதழ்கள்

ஜூலை 11, வியாழக்கிழமை. காலை 8.20.

தகரப் பெட்டியில் போட்ட பூட்டு போட்டபடியே இருந்தது. பெட்டிக்குள் வைத்திருந்த பழுப்பு உறையின் ஒட்டும் விடவில்லை. உறைக்குள் இருந்திருக்க வேண்டிய சான்றிதழ்களைத்தான் காணோம்.

ஸ்ரீரங்கத்தில், அம்மாமண்டபம் சாலையிலிருந்து பிரியும் சந்தில் இருந்த அந்த மாணவியர் விடுதியின் மாடிப்படிகளில் சப்-இன்ஸ்பெக்டர் ஆனந்தவள்ளி ஏறியபோதே அழுகைச் சத்தம் கேட்டது. அறை எண் ஏழில் இரண்டு கட்டில்கள். ஒன்றில் ஜோதி உட்கார்ந்து விம்மிக்கொண்டிருந்தாள். எதிர்க் கட்டிலுக்குக் கீழே ஒரு பையைத் தலைகீழாகக் கொட்டியிருந்தார்கள். புத்தகம், சீப்பு, தொழுகைத் துப்பட்டா எல்லாம் தரையில் கிடந்தன. அவற்றின் சொந்தக்காரி சம்ரீன், ஒன்றையும் எடுத்து வைக்காமல் சுவரோடு சுவராக நின்றாள்.

“யார் இதைக் கொட்டினது?” என்றாள் ஆனந்தவள்ளி.

வாசலில் கூடியிருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“நான்தான் மேடம்,” என்றாள் ஜோதி. “இவதான் எடுத்திருக்கா. லிஸ்ட்ல எனக்கு அடுத்தது இவ பேருதான்.”

விஷயம் இதுதான். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவு முடித்த ஜோதிக்கு ஒரு பெரிய தொழிற்சாலையில் அப்ரண்டீஸ் இடம் கிடைத்திருந்தது. மாவட்டத்திலிருந்து அந்தப் பிரிவுக்கு ஒரே ஒரு பெண்ணைத்தான் எடுத்திருந்தார்கள். கன்டோன்மென்ட்டில் நடக்கும் சான்றிதழ் சரிபார்ப்புக்கு இன்று மதியம் ஒரு மணியோடு கடைசி. அசல் இல்லாமல் போனால் இடம் காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவருக்குப் போய்விடும். அந்த முதல் பெயர் சம்ரீன்.

“உறையை எப்ப வாங்கினே?”

“நேத்து சாயங்காலம் அஞ்சரைக்கு. எல்லார் ஒரிஜினலும் ஆபீஸ் பீரோவுலதான் இருக்கும். வார்டன் மேடம் ஒவ்வொண்ணா என்கிட்ட காட்டி, உறையில போட்டு, ஒட்டி, சீல் வெச்சாங்க. ஆபீஸர் முன்னாடிதான் பிரிக்கணும்னாங்க. நான் ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுட்டு நேரா வந்து பெட்டியில வெச்சுப் பூட்டிட்டேன். சாவி இதோ, கழுத்துலயே இருக்கு.”

“பின்னே ஏன் காலையில பிரிச்சே?”

“ஜெராக்ஸ் ரெண்டு செட் வேணும்னு மெசேஜ் வந்துச்சு. அதான்.”

ஆனந்தவள்ளி உறையை வாங்கிப் பார்த்தாள். மேல் ஓரத்தை நகத்தால் கிழித்திருந்தாள் ஜோதி. மடிப்புப் பக்கம் பழுதில்லாமல் இருந்தது. ஆவி காட்டிப் பிரித்திருந்தால் காகிதம் சுருங்கியிருக்கும், சுருக்கமே இல்லை. மடிப்பின் குறுக்கே ஊதா மையில் விடுதியின் வட்ட முத்திரை. நடுவில் 9 ஜூலை என்று தேதி. உள்ளே, சான்றிதழ் அளவுக்கு மடித்து வெட்டிய பழைய செய்தித்தாள்.

“பெட்டிக்கு ரெண்டாவது சாவி உண்டா?”

ஜோதி தயங்கினாள். “அப்பாகிட்ட இருக்கு. நான் வேலைக்குப் போறது அவருக்குப் பிடிக்கல.”

காலை 9.05.

ஜோதியின் அப்பா மருதை வாசல் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். முசிறிக்கு அப்பால் வாழைத் தோட்டங்களில் தார் வெட்டும் வேலை. மகளைச் சரிபார்ப்புக்கு அழைத்துப்போக முதல் பஸ்ஸில் வந்திருந்தார். கான்ஸ்டபிள் மதுரைவீரன் கேட்டதும் இடுப்புக் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்தார்.

“பொண்ணு வேலைக்குப் போறது உங்களுக்குப் பிடிக்கலையாமே?” என்றாள் ஆனந்தவள்ளி.

“பிடிக்கலைங்க. பொய் எதுக்குச் சொல்லணும்? அப்ரண்டீஸ்ல சேர்ந்தா இந்த விடுதியில இருக்க முடியாதாம். படிக்கிற பிள்ளைங்களுக்குத்தான் இடமாம். அப்ப எங்கங்க தங்கும் அது? தெரியாத ஊருல தனியா ரூம் எடுத்துக்க விட எனக்குத் துணிச்சல் இல்ல. பாலிடெக்னிக்ல சீட்டு கிடைச்சிருக்கு, அதுல சேர்ந்தா இங்கயே இருக்கலாம், அதையே படின்னேன்.”

“நேத்து வந்தீங்களா?”

“நேத்து வரலைங்க. முந்தாநாள் வந்தேன். வார்டனம்மாகிட்ட இதையேதான் சொல்லிட்டுப் போனேன். ஆம்பளைங்க வாசல் ரூமைத் தாண்டக் கூடாதுங்க. மாடி எந்தப் பக்கம்னுகூட எனக்குத் தெரியாது.”

அவர் கண்களில் பயத்தைவிட அவமானம்தான் அதிகம் தெரிந்தது. மகளின் பெட்டியைத் தகப்பன் திறந்திருப்பானோ என்று ஒரு போலீஸ்காரி கேட்கும்படி ஆகிவிட்டதே என்ற அவமானம்.

காலை 9.40.

வார்டன் பேட்ரிசியாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பதினான்கு வருடமாக இந்த விடுதிதான். அலுவலக அறையில் ஆனந்தவள்ளிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, மறுநாள் ஊருக்குப் போக அனுமதி கேட்டு வந்து நின்ற ஒரு பெண்ணின் விடுப்புச் சீட்டில் முத்திரை குத்திக் கொடுத்தார். முத்திரையையும் மைப் பெட்டியையும் உடனே பீரோவில் வைத்துப் பூட்டினார்.

“இவ்வளவு பத்திரமா?”

“பிள்ளைங்க விளையாட்டா எடுத்து லீவ் லெட்டர்ல குத்திடுவாங்க மேடம். காலையில ஆபீஸைத் திறந்ததும் தேதியை மாத்துவேன், வேலை முடிஞ்சதும் பூட்டிடுவேன். சாவியை யார்கிட்டயும் கொடுக்கறதில்ல.”

“சம்ரீன் எப்படி?”

பேட்ரிசியா ஜன்னல் பக்கம் திரும்பினார். “நல்ல பொண்ணு. அவளா இருக்காதுன்னுதான் நினைக்கிறேன். பெட்டிக்கு வேற சாவி இருக்கான்னு பாருங்க.”

சுவரிலிருந்த அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை. ஆனந்தவள்ளி எழுந்து போய் முழுவதையும் படித்தாள். தங்கிப் படிக்கும் மாணவியர் ஐம்பது பேருக்குக் குறைந்தால் விடுதி மூடப்பட்டு, காட்டூர்ப் பக்கம் உள்ள விடுதியோடு இணைக்கப்படும். தலைக்கணக்கு எடுக்கும் நாள் ஜூலை 11, மாலை 4 மணி.

“இன்னைக்கா?”

“ஆமா மேடம். அதுவும் இன்னைக்குத்தான்.”

“இப்ப எத்தனை பேர்?”

“ஐம்பது,” என்றார் பேட்ரிசியா.

நேற்றைய கையெழுத்துப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஆனந்தவள்ளி வெளியே வந்தாள்.

காலை 10.30.

சம்ரீன் இப்போதும் பையை அடுக்கவில்லை.

“ராத்திரி முழுக்க அவளோட ஒரே ரூம்ல நீதானே இருந்தே?”

“ஆமா மேடம்.”

“அவளுக்குக் கிடைக்கலைன்னா இடம் உனக்கு. தெரியுமா?”

“தெரியும். எனக்கு அந்த வேலை வேணும்தான். வாப்பா மவுத்தாகி ரெண்டு வருஷம் ஆச்சு, அம்மா மணப்பாறையில தனியா இருக்காங்க.” “ஆனா அந்த அப்ரண்டீஸ் டெஸ்டுக்கு விடிய விடிய அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான் மேடம். அதை அவ உங்ககிட்ட சொன்னாளா?”

ஜோதி அதைச் சொல்லவில்லை. ஆனந்தவள்ளி அடுத்த கட்டிலைப் பார்த்தாள். ஜோதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“ஜோதி, நல்லா யோசிச்சுச் சொல்லு. நேத்து அந்த உறையைப் பெட்டிக்குள்ள எது மேல வெச்சே?”

“என் வெள்ளைத் துப்பட்டா மேல.”

“அதை எடு.”

துப்பட்டாவில் ஊதா மை இல்லை. பசை காய்ந்த திட்டும் இல்லை.

“உறையைக் கையில வாங்கினப்போ ஒட்டுன இடம் ஈரமா இருந்துச்சா?”

ஜோதி நெற்றியைச் சுருக்கினாள். “இல்ல மேடம். நல்லா காஞ்சிருந்துச்சு.”

“ரிஜிஸ்டர் எங்க இருந்துச்சு?”

“பின்னாடி, ஜன்னல் ஓரத்து மேசையில. திரும்பி நின்னு கையெழுத்துப் போட்டேன். அப்புறம் அவங்களே வந்து அதுலயும் சீல் வெச்சாங்க.”

ஆனந்தவள்ளி பதிவேட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு மதுரைவீரனைக் கூப்பிட்டாள். “ஜீப்பை வாசல்ல திருப்பி நிறுத்துங்க. இவங்க அப்பாவை ஏத்திக்கோங்க. பத்து நிமிஷத்துல கன்டோன்மென்ட் கிளம்பணும்.”

காலை 10.55.

பேட்ரிசியாவின் மேசையில் ஆனந்தவள்ளி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒரு பக்கம் பதிவேடு, இன்னொரு பக்கம் கிழிந்த உறை. ஜோதியும் சம்ரீனும் கதவருகே நின்றார்கள்.

“பூட்டை யார் திறந்தாங்கன்னு எல்லாரும் மண்டையை உடைச்சுக்கிட்டோம். பூட்டை யாருமே திறக்கலை. அந்தப் பெட்டிக்குள்ள சான்றிதழ் போகவே இல்லை.”

ஆனந்தவள்ளி பதிவேட்டை பேட்ரிசியாவின் பக்கம் நகர்த்தினாள்.

“ஜோதி கையெழுத்துக்குப் பக்கத்துல இருக்கிற முத்திரையைப் பாருங்க. பத்தாம் தேதி. நேத்து சாயங்காலம் அஞ்சரைக்கு வெச்சது. அதே நேரம், அதே ஆபீஸ், அதே முத்திரை, ஆனா உறையில ஒன்பதாம் தேதி. தினமும் காலையில தேதியை மாத்துறதா நீங்களே சொன்னீங்க. அப்ப இந்த உறை முந்தாநாளே ஒட்டினது. அதனாலதான் பசை காஞ்சு போயிருக்கு, துப்பட்டாவுல ஒரு கறைகூட ஒட்டல. ஜோதி முன்னாடி நீங்க ஒட்டினது வேற உறை. அவ திரும்பி நின்னு கையெழுத்துப் போட்ட நேரத்துல மாத்திட்டீங்க. முத்திரை உங்க பீரோவுல, சாவி உங்க கையில. வேற யாராலயும் இதைச் செய்ய முடியாது.”

பேட்ரிசியா பீரோவைத் திறந்து, பழைய வருகைப் பதிவேடுகளுக்கு நடுவிலிருந்து ஓர் உறையை உருவி மேசையில் வைத்தார். அதில் பத்தாம் தேதி முத்திரை இருந்தது. ஒட்டு பிரிக்கப்படவில்லை.

“கிழிச்சுப் போட மனசு வரலை,” என்றார்.

“ஏன் மேடம்?” ஜோதி கேட்டாள். கோபம்கூட அப்போது அவளுக்கு வரவில்லை.

“முந்தாநாள் உங்கப்பா வந்து பேசினார். வேலைக்கு செலக்ட் ஆனவங்களைக் கணக்குல சேர்க்க மாட்டாங்களாம். நீ போனா நாற்பத்தொன்பதுடா. மூடிடுவாங்க. அவ்வளவு தூரம் காட்டூர்ப் பக்கத்துக்கு இதுங்கள்ல பாதிப் பேரை வீட்டுல அனுப்ப மாட்டாங்க. நான் ஒவ்வொரு வீட்டுலயும் போய் உட்கார்ந்து பேசிக் கூட்டிட்டு வந்த பிள்ளைங்க. உனக்கு பாலிடெக்னிக் சீட்டு இருக்கே, உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன். சம்ரீனைக் கூப்பிடறதுக்குள்ள இன்னைக்குக் கணக்கு முடிஞ்சிடும்னு இருந்தேன்.”

“பழி என் மேல விழும்னு நினைக்கலையா?” என்றாள் சம்ரீன்.

பேட்ரிசியா பீரோ சாவியை எடுத்து ஆனந்தவள்ளியின் முன் வைத்தார்.

“உறையை எடுத்துக்கோ, ஜோதி. ஓடு,” என்றாள் ஆனந்தவள்ளி.

காவிரிப் பாலத்தில் வண்டிகள் ஊர்ந்தன. மதுரைவீரன் சைரனைப் போட்டு வழி வாங்கினார். பகல் 12.10க்கு அவரிடமிருந்து போன் வந்தது. “எல்லாம் முடிஞ்சிருச்சு மேடம். திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிட்டாங்க. பெரியவர்தான் வாசல்ல உட்கார்ந்து அழுதுக்கிட்டிருக்கார்.”

பிற்பகல் 2.15.

திரும்பி வந்த ஜோதியின் முன் ஆனந்தவள்ளி வெள்ளைத்தாளை வைத்தாள். “புகார் நீதான் எழுதணும். எழுதுன்னும் சொல்ல மாட்டேன், வேண்டாம்னும் சொல்ல மாட்டேன்.”

ஜோதி வெகுநேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்தாள். காய்ச்சல் வந்தபோது பேட்ரிசியா ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது அவள் நினைவுக்கு வந்திருக்கலாம். பிறகு எழுதினாள், ஒன்றரைப் பக்கம். கையெழுத்துப் போட்டாள். ஆனந்தவள்ளி அதை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். கணக்கெடுப்பு முடியும்வரை இருக்க அனுமதி கேட்டார் பேட்ரிசியா. ஆனந்தவள்ளி தலையசைத்தாள்.

மாலை 4.00.

கணக்கெடுக்க வந்த அதிகாரி அன்புச்செல்வன் பெண்களை முற்றத்தில் வரிசையாக நிற்கச் சொன்னார். பெயர்களைப் படித்து ஒவ்வொன்றாக டிக் அடித்தார். கடைசியில் நிமிர்ந்தார்.

“வேலைக்கோ அப்ரண்டீஸுக்கோ செலக்ட் ஆனவங்க யாராவது இருக்கீங்களா? அவங்களைக் கணக்குல சேர்க்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.”

ஜோதி கையைத் தூக்கினாள். “நான் சார்.”

பேட்ரிசியா கண்களை மூடிக்கொண்டார்.

“ஆனா திங்கட்கிழமைதான் சேரணும்,” என்றாள் ஜோதி. “இன்னைக்கு நான் இங்கதான் சாப்பிடுறேன், இங்கதான் தூங்குறேன். சுற்றறிக்கையில தங்கிப் படிக்கிறவங்கன்னு இருக்கு. செலக்ட் ஆனவங்களை விடணும்னு அதுல எங்கயும் இல்ல. நானும் படிச்சுப் பார்த்துட்டேன்.”

அன்புச்செல்வன் பலகைக்குப் போய்ப் படித்தார். யாருக்கோ போன் செய்தார், எடுக்கவில்லை. கடைசியில் ஐம்பது என்று எழுதினார். பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘ஒருவர் பரிசீலனைக்கு உரியவர்’ என்றும் சேர்த்துக்கொண்டார். அது இந்த விடுதியைக் காப்பாற்றுமா, ஒரு மாதம் தள்ளிப்போடுமா என்பது அங்கே யாருக்கும் தெரியவில்லை.

பேட்ரிசியா யாரையும் பார்க்காமல் போய் ஜீப்பில் ஏறினார். பெண்கள் கலைந்தார்கள். முற்றத்தில் ஜோதியும் சம்ரீனும் மட்டும் நின்றார்கள், நடுவே மூன்று பேர் நிற்கும் அளவுக்கு இடைவெளி விட்டு.

“சம்ரீன், என்னை...”

“வேண்டாம். இப்ப எதுவும் பேசாதே.”

சம்ரீன் படியேறப் போனாள். இரண்டு படி ஏறியவள், திரும்பாமலே நின்றாள்.

“திங்கட்கிழமையிலேர்ந்து எங்கடி தங்குவே?”

“தெரியலை,” என்றாள் ஜோதி.