சுவரில் ஒட்டிய கண்ணாடி

பந்து பட்டதும் கண்ணாடி உடைந்தது.

மாடிப்படியில் யாரும் இல்லை. சாம்பவி துண்டுகளைப் பொறுக்கிக் கணிதப் பெட்டிக்குள் போட்டு மூடினாள்.

அது சும்மா கண்ணாடி அல்ல. கொழும்பு வெள்ளவத்தையில் அவர்களுடைய மாடிவீட்டுக்குப் பக்கத்தில் புதுக் கட்டடத்துக்கு ஆழமாகத் தோண்டுகிறார்கள். படிச்சுவரில் மெல்லிய வெடிப்பு வந்ததும், எஞ்சினியர் சுபோதினி அதன் குறுக்கே கண்ணாடித் துண்டொன்றை ஒட்டினார்.

"ஏன் மிஸ்?" என்று சாம்பவி அன்றைக்கே கேட்டாள்.

"தோண்டத் தோண்ட உங்கட கட்டடத்துக்குக் கீழ மண் இறங்கலாம். அதுக்கு அமிழ்வு எண்டு பேர். கண்ணுக்குத் தெரியாது. ஆனா வெடிப்புக் கொஞ்சம் விரிஞ்சாலும் கண்ணாடி உடைஞ்சுபோம். தொடக்கூடாது, என்ன?"

"ஓம் மிஸ்."

பின்னேரம் சுபோதினி வந்து பார்த்தார். சுவரில் கண்ணாடியின் ஓரங்கள் மட்டுமே ஒட்டியிருந்தன. முகம் மாறியது. அவர் சொல்லிப் பக்கத்தில் தோண்டும் இயந்திரம் நின்றது.

"மண் இறங்கியிருக்குப் போல. கட்டடம் முழுக்க அளந்து பாக்க மூண்டு நாள் செல்லும். அதுவரைக்கும் ஒருத்தரும் உள்ளுக்கு இருக்கேலாது."

மூன்றாம் மாடி மயிலம்மா இடியப்பத் தட்டுகளோடு இறங்கினார். கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுப்பவர் அவர்.

"மூண்டு நாள் கடைக்காரர் பாத்துக்கொண்டே இருப்பினம்? வேற ஆளைப் பிடிச்சிடுவினம்."

சாம்பவியின் காது சுட்டது.

"புத்தகங்களை எடு பிள்ளை," என்றார் அம்மா. பையைத் தூக்கியபோது உள்ளே கணிதப் பெட்டி கலகலத்தது.

அவள் சுபோதினியிடம் போனாள். "மிஸ், மண் இறங்கேல்லை."

"உனக்கெப்பிடித் தெரியும்?"

பெட்டியைத் திறந்தாள். சுபோதினி துண்டுகளைப் படியில் வைத்துப் பொருத்தினார். ஒரு புள்ளியிலிருந்து நாலாபக்கமும் கோடுகள் ஓடின.

"சுவர் விரிஞ்சிருந்தா வெடிப்பு வழிய ஒரு கோடாத்தான் உடைஞ்சிருக்கும். இது..."

"பந்து, மிஸ். நான்தான்."

படி முழுக்க ஆட்கள். யாரும் ஏசவில்லை. சாம்பவி தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சுபோதினி வெடிப்பை அளந்தார். போன கிழமை கண்ணாடி ஒட்டியபோது இருந்த அதே அகலம். புதுக் கண்ணாடி ஒட்டித் திகதி எழுதினார்.

"எல்லாரும் மேல போகலாம்."

மயிலம்மா தட்டுகளை நீட்டினார். "பந்தெறியிற கை இதையும் தூக்கும்தானே?"

சாம்பவி நான்கு தடவை ஏறி இறங்கினாள். கண்ணாடியைக் கடக்கும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, மற்றப் பக்கச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் நடந்தாள்.

"மூச்சு விடு பிள்ளை," என்றார் பின்னால் வந்த மயிலம்மா. "அதுக்கெல்லாம் உடையாது."

அப்போதுதான் அவளுக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது.