அஞ்சலீனாவின் இடக்கை

2005ஆம் ஆண்டு மார்ச் மாதம் இரண்டாம் திகதி, புதன்கிழமை, கனடிய மாடுகளுக்கு எல்லையைத் திறக்கக் கூடாதென அமெரிக்க நீதிமன்றமொன்று தடை விதித்தது. அத்தடையாற் பாதிக்கப்பட்டோர் யாவரெனப் பத்திரிகைகள் மறுநாள் விரிவாக எழுதின. பண்ணையாளர் பாதிக்கப்பட்டனர், தரகர் பாதிக்கப்பட்டனர், பாரவூர்தி ஓட்டுநர் பாதிக்கப்பட்டனர், பட்டிகளில் நெருங்கி நின்ற மாடுகள்மீதும் இரக்கம் காட்டப்பட்டது. கனடாவின் லொங்குய் நகருக்கு அப்பாலுள்ள இறைச்சித் தொழிற்சாலையொன்றில் இரவு முழுவதும் நின்று எலும்பு களைந்த அஞ்சலீனாவைப் பற்றி எவரும் ஒரு வரி எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

பைத்திய மாட்டு நோயின் அச்சத்தால் உயிருள்ள மாடுகள் எல்லையைக் கடக்க முடியாமற் போய் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. விலைபோகாத மாடுகள் பண்ணைகளிற் பெருகின. அவற்றை இந்நாட்டிலேயே வெட்டித் தீர்க்கும் வகையிற் கொல்களங்களைப் பெருப்பியுங்கள் என்று அரசாங்கம் சொன்னது. புதிய கட்டடம் எழுப்புவதற்குக் காலம் வேண்டும். இறைச்சித் துண்டுகளை மேசைகளுக்குக் கொண்டுவருகின்ற சங்கிலியை விரைவாக ஓட்டுவதற்கு ஒரு விசையைத் திருப்பினாற் போதும். அத்தொழிற்சாலை விசையைத் திருப்பியது. ஒரு பிரிவாக நடந்த வேலை பகற்பிரிவு, இரவுப்பிரிவு என இரண்டாயிற்று. பகற்பிரிவில் அவளுடைய அயலவன் ஜெராட் நிற்கும் அதே மேசையில், அதே இடத்தில், இரவில் அஞ்சலீனா நின்றாள்.

அவளுடைய கணவன் எமிலியானுஸ் முதலில் கேட்டது ஒரு சத்தத்தை மட்டுமே. டோர்வல் விமான நிலையத்திற் பயணப் பெட்டிகளைத் தூக்கி முதுகெலும்பு பிசகிய அவன், அந்தக் குளிர்காலம் முழுவதும் கோட்-டி-நேஜ் குடியிருப்பின் மூன்றாம் மாடியில், சமையலறை மேசையருகே, முதுகுக்குத் தலையணை வைத்து அமர்ந்திருந்தான். நான்கு வயது மகள் ஜென்சி காலையிற் கார்டரி என்னும் பிள்ளைகள் பராமரிப்பகத்துக்குப் போய்விடுவாள். இரவு வேலை முடிந்து வந்த அஞ்சலீனா தடித்த திரையை இழுத்துவிட்டு உறங்குவாள். வெப்பக் குழாய் சீறும். கீழே வீதியிற் பனியை வழிக்கும் வண்டி பின்னோக்கி வரும்போது விட்டுவிட்டுக் கூவும். இவற்றுக்கிடையே, மூடிய அறைக்கதவுக்கு அப்பாலிருந்து, துணியின்மேல் ஏதோ ஊர்வது போன்ற ‘சரக்’ என்னும் ஒலி எழுந்து, சற்று நின்று, மீண்டும் எழுந்து, ஒரே இடைவெளியிற் சலிக்காமல் தொடர்ந்துகொண்டிருந்தது.

அவன் கதவைத் திறந்தான். சவர்க்கார மணமும், அதன் அடியில் எவ்வளவு குளித்தாலும் நீங்காத குளிர்ந்த கொழுப்பின் மணமும் முகத்தில் அடித்தன. அஞ்சலீனா மல்லாந்து கிடந்தாள். அவளுடைய இடக்கை விரிப்பின்மீது ஊர்ந்து சென்றது. விரல்கள் அகன்றன, பெருவிரல் எதையோ தேடியது, ஓரிடத்தில் அழுத்தி நின்றது. வலக்கையின் மணிக்கட்டு உள்ளே திரும்பி வெளியே வந்தது. இரு கைகளும் சேர்ந்து, இல்லாத ஒன்றை வலப்புறம் தள்ளிவிட்டன. இடக்கை புறப்பட்ட இடத்துக்கே திரும்பியது.

முகத்தில் மட்டும் எந்த அசைவும் இல்லை.

அன்று மாலை தேநீர் குடிக்கும்போது அவன் பேச்செடுத்தான்.

“நித்திரையில உமக்குக் கை ஆடுது.”

“ஆடாமல் என்ன செய்யும்? ஒரு ராத்திரி அங்கை வந்து நிண்டு பாருங்கோ, உங்களுக்குக் காதும் சேர்ந்து ஆடும்.”

“ஆடுற மாதிரி இல்லையப்பா. எதையோ தேடுற மாதிரி இருக்கு.”

“மூட்டைத் தேடுது,” என்று அவள் பாணைத் தேநீரில் தோய்த்தாள். “கண்ணால பாத்துக்கொண்டு நிண்டால் துண்டு தாண்டிப் போயிடும். இடக்கைப் பெருவிரல் மூட்டைப் பிடிக்கும், வலக்கை வெட்டும். இடையில நான் எதுக்கு?”

“துண்டு வழுக்கினால்?”

“இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு இன்னும் கெதியா வெட்டவேணும். விட்டால் பக்கத்தில நிக்கிறவளின்ர கை போயிடும்.” அவள் சிரித்தாள். “மார்ச் ஏழாம் திகதி எல்லை திறக்குதாம். செயினைக் குறைப்பாங்கள். பேந்து எல்லாம் சரிவரும்.”

பெப்ரவரியில் ஒருநாள், மதியம் கடந்து சிறிது நேரத்தில், அச்சத்தம் திடீரென நின்றது. எமிலியானுஸ் எட்டிப் பார்த்தான். இடக்கை விரிப்பிலிருந்து ஒரு சாண் உயர்ந்து, விரல்கள் கீழ்நோக்கித் தொங்க, அந்தரத்தில் அப்படியே நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு, கட்டளை கிடைத்தாற்போலத் தாழ்ந்து, விட்ட இடத்திலிருந்து ஊரத் தொடங்கியது.

மாலையில், அதே கட்டடத்தின் கீழ்மாடியிற் குடியிருந்த ஜெராட், வேலை முடிந்து வந்து மேலேறி எட்டிப் பார்த்தான்.

“இண்டைக்குச் செயின் அறுந்துபோச்சு அண்ணை. மத்தியானச் சாப்பாடு முடிஞ்ச கையோட. முக்கால் மணித்தியாலம் கையைக் கட்டிக்கொண்டு நிண்டம், சொர்க்கம்தான்.”

“கையைக் கட்டிக்கொண்டோ?”

“ஒரு பேச்சுக்குச் சொன்னன் அண்ணை. எங்க கட்டுறது. அந்தரத்தில தூக்கிப் பிடிச்சுக்கொண்டுதான் நிண்டம்.”

எமிலியானுஸ் அன்று முதல் கவனிக்கத் தொடங்கினான். தொழிற்சாலையிற் பகற்பிரிவினர் சாப்பிடும் நேரத்தில் அக்கைகள் ஓய்ந்தன. அவர்கள் வேலையை விடும் நேரத்தில் அவை முற்றாக விழுந்தன. அதன் பின்னரே அஞ்சலீனாவின் மூச்சு உறங்குபவரின் மூச்சாக மாறியது. தொழிற்சாலை மூடியிருந்த சனி, ஞாயிறுகளில் அவை வெறுங்கைகளாகக் கிடந்தன. ஆகையாற் சனிக்கிழமை மதியம் ஜென்சிக்கு உரியதாயிற்று. பிறந்த நாள் முதலாக, அம்மா முதுகிலே தட்டினாலன்றி அப்பிள்ளை உறங்கமாட்டாள். கிழமை நாட்களில் தாயின் முகத்தையே சரியாகக் காணாத பிள்ளை, சனிக்கிழமைகளில் அவளுடைய நெஞ்சோடு ஒட்டிக் கிடந்து தட்டு வாங்கினாள்.

புதன்கிழமை தடை வந்தது. வியாழக்கிழமை சத்தத்தின் இடைவெளி குறுகியது.

அன்று பிற்பகல் முதுகு நோவு பொறுக்காமல் எமிலியானுஸ் அவளருகிற் சரிந்தான். விரிப்பில் ஊர்ந்துகொண்டிருந்த இடக்கை நின்றது. காற்றிற் சற்றுத் தயங்கியது. பின்னர் அவனுடைய தோள்மீது வந்து அமர்ந்தது. எவ்வளவோ நாட்களுக்குப் பின் அவள் தன்னைத் தொடுகிறாள் என்றே அவன் முதலில் எண்ணினான். விரல்கள் தோட்பட்டையின் விளிம்பைத் தடவின. சுற்றி வந்தன. பெருவிரல் சதையை விலக்கிக்கொண்டு உள்ளே இறங்கி, எலும்பும் எலும்பும் சந்திக்கின்ற பள்ளத்திலே பொருந்தி நின்றது. தன் உடம்பில் அப்படியொரு பள்ளம் இருப்பதை அவன் அதுவரை அறிந்திருக்கவில்லை. அவன் விலக முயன்றான். கை இறுகியது. வலக்கை முட்டி அவனுடைய அக்குளில் மோதித் திரும்பியது. மறுபடியும் மோதியது. விரைவாக.

“அஞ்சலி. அஞ்சலி, நான்.”

அவளுடைய கண்கள் திறக்கவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன.

“வித்,” என்றாள். “வித், வித்.”

கெதியா, கெதியா என்று மேற்பார்வையாளன் பிரெஞ்சு மொழியில் நாள் முழுவதும் கத்தும் சொல் அது. குரல் அவளுடையதாக இல்லை.

பகற்பிரிவு முடியும்வரை அவன் அசையாமற் கிடந்தான்.

எழுந்தபின் அவனுடைய தோளிற் கன்றியிருந்த இடத்தை அஞ்சலீனா வெகுநேரம் பார்த்தாள். அதன்மேற் பெருவிரலை மெல்ல வைத்தாள்.

“சரியான இடம்,” என்று தனக்குள் முணுமுணுத்தாள். அச்சொல் தன் காதில் விழுந்ததும் தீயைத் தொட்டவள் போலக் கையை இழுத்துக்கொண்டாள்.

“விட்டிடுமன் இந்த வேலையை.”

“நீங்களும் இருந்திட்டியள், நானும் இருந்தால்? திங்கட்கிழமை திறந்தால் குறையும் எண்டிருந்தன். இனி எப்ப திறப்பாங்களோ.” அவள் கைகளை மடியில் வைத்து ஒன்றன்மேல் ஒன்றை அழுத்திக்கொண்டாள். “கிழமை நாளில பிள்ளையை இந்த அறைக்குள்ள விடாதேங்கோ. கும்பிட்டுக் கேக்கிறன்.”

அவன் வாக்குக் கொடுத்தான். அவள் வேலைக்குப் போனதும் வீட்டிலிருந்த கத்திகளையெல்லாம் துணியிற் சுற்றிக் கொண்டுபோய் வாகனத்தின் பின்பெட்டியிற் பூட்டினான். தவக்காலமாதலால் வீட்டில் இறைச்சி இல்லை. வெள்ளி காலை குசினியிற் கத்திகள் இருந்த லாச்சியைத் திறந்து பார்த்த அஞ்சலீனா, “மரக்கறியை என்னத்தால வெட்டுறது, பல்லாலயோ?” என்று கேட்டாள். இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பு முடிந்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

சனிக்கிழமை வந்தது. வெளியே பெய்யாத பனியின் சாம்பல் வெளிச்சம். அஞ்சலீனா ஜென்சியை அணைத்துக்கொண்டு படுத்தாள். எமிலியானுஸ் குசினியில் நின்று பயற்றங்காயைக் கையால் முறித்துச் சட்டியிற் போட்டுக்கொண்டிருந்தான். சற்றே திறந்திருந்த கதவின் வழியாகத் தட்டும் ஒலி வந்தது. மெல்லிய ஒலி. ஒழுங்கற்ற ஒலி, உறக்கம் வர வரத் தளர்கின்ற தாயின் கை. வியாழனுக்குப் பின் முதன்முறையாக அவனுடைய தோள் தளர்ந்தது. மறுநாட் பூசைக்குச் சேர்ந்து போகலாமா என்று கேட்பதற்காகக் கீழ்மாடிக்குத் தொலைபேசி எடுத்தான். ஜெராட்டின் மனைவி றொஷினி எடுத்தாள்.

“அவர் இல்லை அண்ணை. வேலைக்குப் போட்டார்.”

“இண்டைக்குச் சனிக்கிழமையல்லோ.”

“உங்களுக்குச் சொல்லேல்லையே? இனிச் சனியும் ஓடுதாம். காலமைதான் கூப்பிட்டுச் சொன்னவங்கள். ஒரு மணிக்குத் துவங்குதாம். என்ர வாயில வந்ததெல்லாத்தையும் வாங்கிக்கொண்டுதான் மனுசன் போனது.”

அடுப்புக்கு மேலிருந்த கடிகாரம் ஒரு மணியைத் தொட்டது.

“அண்ணை? நிக்கிறியளோ?”

தட்டும் ஒலி நின்றிருந்தது.

“றொஷினி, ஃபோன் பண்ணி நிப்பாட்டச் சொல்லும்.”

“எதை அண்ணை?”

“செயினை.”

“நல்லாச் சொன்னியள்,” என்று அவள் சிரித்தாள். “எல்லை திறக்கிற மட்டும் அது நிக்காது அண்ணை.”

சரக்.

அவன் தொலைபேசியைக் கைவிட்டான். நடைவழி நீண்டிருந்தது. வெப்பக் குழாய் சீறவில்லை. வீதியிலும் சத்தமில்லை. சரக். குளிர்ந்த கொழுப்பின் மணம் கதவுக்கு வெளியே வந்து நின்றது. கதவைத் தள்ளினான். இருள். கண் பழக வேண்டும். பழகியது.

ஜென்சி குப்புறக் கிடந்தாள். தாயின் இடக்கை அவளுடைய முதுகில் இருந்தது. தட்டவில்லை. இடுப்பிலிருந்து மேல்நோக்கி ஊர்ந்தது. ஒவ்வோர் எலும்பாக. ஒவ்வொன்றிலும் நின்று. பார்த்து. வேண்டாமென்று விட்டு. அடுத்தது.

அவன் ஒரு காலை உள்ளே வைத்தான். பலகை முனகியது. பிள்ளை நெளிந்தாள்.

கை இறுகியது.

அவன் நின்றான். மூச்சையும் நிறுத்தினான்.

“ஷ்ஷ், அப்பா,” என்றாள் ஜென்சி, கண்ணைத் திறவாமல், உறக்கத்தின் சிரிப்போடு. “அம்மா தட்டுறா.”

பெருவிரல் பிடரியை அடைந்தது. மயிரை ஒதுக்கியது. பள்ளத்தைக் கண்டது. பொருந்தியது.

வலக்கை தெரியவில்லை. அது போர்வைக்குள் இருந்தது. வீட்டுக் கத்திகள் யாவும் வாகனத்திற் பூட்டிக் கிடந்தன. போர்வை ஓரிடத்தில் மட்டும், மெலிந்து, கூராக எழுந்து நின்றது.

“வித்,” என்றாள் தாய்.

இதை வாசிக்கின்றவரே, எமிலியானுஸ் இன்னும் ஓரடி வைக்க முடியாது, கூப்பிடவும் முடியாது. பிள்ளை வழுக்கினாற் கை விரையும். உங்களுக்கு அந்தத் தடை இல்லை. லொங்குய் நகருக்கு அப்பால் அந்தச் சங்கிலி ஓடிக்கொண்டிருக்கின்றது. உங்கள் தட்டை அப்பால் வையுங்கள். எழும்புங்கள். அதை நிறுத்தச் சொல்லுங்கள். எல்லை திறந்த பிறகு அல்ல, இப்போதே.