இரண்டாம் கட்டிலின் அட்டை

காலை ஆறு பத்து. இரண்டாம் கட்டிலின் அட்டை இன்றைக்கும் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

அந்தக் கட்டிலில் ஆள் கிடையாது. ஆறு வருஷமாகக் கிடையாது. ஜன்னல் சாத்தியிருந்தது, மின்விசிறி நின்றிருந்தது, விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அட்டை மட்டும், யாரோ இப்போதுதான் தொட்டுவிட்டுப் போனதைப் போல ஆணியில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

துவைத்த போர்வைகளைத் தோளில் சுமந்து வந்த பெரியவள் அப்படியே நின்றுவிட்டாள். பின்னாலேயே வந்த ஓரகத்தி சின்னவள், கையிலிருந்த மருந்துத் தட்டைத் தடாலென்று மேஜையில் வைத்தாள்.

"அக்கா... இன்னிக்குமா? உரிமம் குடுக்கற அதிகாரி வர்ற நாள்லகூட இந்த வேலை வேணுமா?"

"நான் தொடலைடி."

"பின்னே யாரு தொட்டா? செத்துப்போன அத்தை எழுந்து வந்தாங்களா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. மூன்றாம் கட்டிலிலிருந்து டீச்சர் கூரையைப் பார்த்தபடியே சொன்னார்: "போட்டாச்சு."

பக்கவாதம் டீச்சரின் வலப்பக்கத்தையும் வாயிலிருந்த அத்தனை சொற்களையும் வாரிக்கொண்டு போய், இந்த ஒன்றை மட்டும் விட்டுவைத்திருந்தது. பசித்தாலும் 'போட்டாச்சு', வலித்தாலும் 'போட்டாச்சு'. முப்பது வருஷம் பாடம் நடத்திய வாய், பாவம்! மாமியார் போன அதே வாரம் வந்த வியாதி அது.

வீட்டின் கீழ்த்தளத்தில் ஐந்து கட்டில் போட்டு அந்த முதியோர் இல்லத்தைத் தொடங்கியவரே மாமியார்தான். அட்டை வழக்கமும் அவர் வைத்ததுதான். ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஓர் அட்டை தொங்கும்; பெயர், மருந்து, நேரம். இன்சுலின் ஊசி போட்டவர் உடனே அட்டையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட வேண்டும். "நோட்டுல எழுதினா தேடணும். திருப்பி வெச்சா வாசல்லேர்ந்தே தெரியும்" என்பார். கடைசியில் சர்க்கரை அவரையும் படுக்கவைத்தது. தான் போட்ட கட்டில்களில் இரண்டாவதில் தானே படுத்தார். அப்புறம் ஒரு காலையில் அவருக்கு இரண்டு முறை ஊசி விழுந்தது. மயங்கியவர் கண் திறக்கவே இல்லை, மூன்றாம் நாள் போய்விட்டார்.

"நான்தான் மறந்துபோய் ரெண்டாவது தடவையும் போட்டுட்டேன்" என்று பெரியவள் போலீஸில் சொன்னாள். ஒன்றரை வருஷம் சிறை. வெளியே வந்தவளுக்குப் புருஷன் கொடுத்தது, கொல்லைப்பக்கத்துத் துணி துவைக்கும் அறையும், அதில் ஒரு பாயும். நோயாளிகளை அவள் தொடக் கூடாது. அவளோடு அவன் பேசுவதும் இல்லை. பேசித்தான் ஆக வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துப் பேசுவான்.

இப்போது புது விதி வந்திருந்தது. இல்லத்துக்கு உரிமம் வேண்டுமானால், அந்தக் கட்டிடத்தில் வசிக்கும் ஒவ்வொருவரும் போலீஸ் சான்றிதழ் தர வேண்டும். தண்டனை பெற்றவர் யாராவது இருந்தால் அவர் விலக்கு கேட்டு மனுக் கொடுக்க வேண்டும். மனுவின் நாலாம் பக்கத்தில், 'நீங்கள் செய்த குற்றத்தை உங்கள் சொந்த வார்த்தைகளில், சொந்தக் கையெழுத்தில் எழுதுங்கள். அதற்காக வருந்துகிறீர்களா?' என்று கேட்டிருந்தது. அந்தப் பக்கம் ஒரு மாதமாக வெள்ளையாகவே கிடக்கிறது. இன்று கடைசி நாள். எழுதித் தராவிட்டால் சாயந்திரத்துக்குள் அவள் வீட்டைவிட்டுப் போயாக வேண்டும். போகவில்லையென்றால் உரிமம் கிடையாது, மற்ற நாலு கட்டில்காரர்களும் நடுத்தெருவில்!

எட்டு மணிக்குப் புருஷன் துவைக்கும் அறை வாசலில் வந்து நின்று, எதிர்ச் சுவரைப் பார்த்தான்.

"பெத்த தாயைப் பறிகொடுத்தவன் கேக்கறேன். ஒரு பக்கம் எழுதக் கை வரலையா? தப்புப் பண்ணிட்டேன், வருத்தப்படறேன்... இதை எழுத இவ்வளவு கர்வமா? எழுத முடியாதுன்னா பெட்டியைக் கட்டிடச் சொல்லுங்க."

அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை. யாரிடம் சொல்லச் சொல்கிறான்! பெரியவள் பெட்டியைக் காலால் முன்னே நகர்த்திக் காட்டினாள். நேற்றே கட்டியாயிற்று.

அவன் போனதும் சின்னவள் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுதிக் குடுத்துடுங்கக்கா... உங்க கால்ல விழறேன்!"

"வாயால சொன்னேன், ஜெயிலுக்குப் போனேன். அது முடிஞ்சுது. கையால எழுத வரலைடி. பேனாவை எடுத்தாலே அத்தை பக்கத்துல நின்னு எட்டிப் பார்க்கற மாதிரி இருக்கு."

"அப்ப உண்மையை எழுதப் போறீங்களா?"

"எழுதறவளா இருந்தா அன்னிக்கே சொல்லியிருக்க மாட்டேனா? அதான் போறேன்."

உண்மை இந்த இரண்டு பேருக்கும் மட்டும்தான் தெரியும். அன்று காலை ஆறு மணிக்கு மாமியாருக்கு ஊசி போட்டு, ஒழுங்காக அட்டையையும் திருப்பிவைத்துவிட்டுப் போனாள் பெரியவள். ஏழு மாதக் கர்ப்பிணியான சின்னவள் தூசி துடைக்கிறேன் என்று ஐந்து அட்டைகளையும் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, எல்லாவற்றையும் முகம் தெரியும்படி மாட்டிவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, தான் மாட்டிய அட்டையைத் தானே பார்த்து, இன்னும் ஊசி போடவில்லை என்று நினைத்துப் போட்டுவிட்டாள். அதற்கு முன் இரண்டு குழந்தைகளை வயிற்றிலேயே இழந்தவள் அவள். போலீஸ் வந்தபோது பெரியவள் அந்த வயிற்றைப் பார்த்தாள். அவ்வளவுதான், ஒரு அடி முன்னே வந்துவிட்டாள். பிறந்த பெண் இப்போது ஒன்றாம் வகுப்பு.

"அப்ப ஏன்க்கா தினமும் அந்த அட்டையைத் திருப்பி என்னைச் சித்திரவதை பண்றீங்க? எனக்குத் தெரியாதா, நீங்க என்னைக் குத்திக்காட்டத்தான் திருப்பறீங்கன்னு!"

பெரியவள் அவளை வியப்போடு பார்த்தாள். "நீதான் மனசு கேக்காம திருப்பறேன்னு நான் நினைச்சுக்கிட்டிருக்கேன்டி."

ஒருத்தி சொல்வதை இன்னொருத்தி நம்பவில்லை. நம்பினால் இன்னும் பயமாக இருக்குமே!

பத்து மணிக்கு அதிகாரி வந்தார். மூக்குக் கண்ணாடி போட்ட, கறாரான அம்மாள். கழிவறைக் கைப்பிடியை இழுத்துப் பார்த்தார், மருந்து அலமாரிப் பூட்டை ஆட்டிப் பார்த்தார். படுக்கை அறையில் இரண்டாம் கட்டிலருகே நின்றவர், "காலிக் கட்டிலுக்கு எதுக்கு அட்டை? அதுவும் பின்னாடி திரும்பியிருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தன் கையாலேயே அதை முன்பக்கம் திருப்பிவைத்தார்.

"போட்டாச்சு" என்றார் டீச்சர்.

"என்ன சொல்றாங்க?"

"ஒண்ணுமில்ல மேடம், அவங்களுக்கு வர்ற ஒரே வார்த்தை அது" என்றாள் சின்னவள் அவசரமாக.

அதிகாரி, புருஷன், பெரியவள், சின்னவள் என நாலு பேரும் முன்னறை மேஜைக்கு வந்து உட்கார்ந்தார்கள். பெரியவள் மனுவை நீட்டினாள். அதிகாரி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி நாலாவதில் நின்றார்.

"இதுல ஒண்ணுமே எழுதலையேம்மா. வருத்தப்படறீங்களா இல்லையா?"

"அத்தை போனதுக்கு வருத்தப்படாத நாள் இல்லை மேடம். ஆனா அதுல கேட்டிருக்கறதை என்னால எழுத முடியாது. நான் போயிடறேன். இவங்களுக்கு உரிமத்தைக் குடுத்துடுங்க."

புருஷன் ஓங்கி மேஜையைத் தட்டினான். "பாருங்க மேடம், கல்லு மனசு! எங்கம்மா இவளை மருமகளா நடத்தினாங்களா? மகளாதான் வெச்சிருந்தாங்க... அவங்களைக் கொன்னுட்டு ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை மேடம் இவ!"

பெரியவள் தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் இல்லாமலா? துவைக்கும் தொட்டியைக் கேட்டால் சொல்லும்.

"சரி, இவங்க வெளியேறறதா எழுதிடலாம்" என்று அதிகாரி பெருமூச்சு விட்டார். "என் பேனா... அந்த ரூம்ல வெச்சுட்டேன் போலிருக்கு."

எல்லாரும் அவர் பின்னால் போனார்கள். வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

இரண்டாம் கட்டிலின் அட்டை சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. விசிறி ஓடவில்லை. கட்டிலில் எழுந்து உட்காரக்கூட முடியாத நாலு கிழங்களைத் தவிர அந்த அறையில் யாரும் இல்லை. அட்டை ஆணியில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

"நான் திருப்பி வெச்சேனே... காத்துல..." என்ற அதிகாரி சாத்தியிருந்த ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்.

சின்னவள் பெரியவளைப் பார்த்தாள். அக்கா தன்கூடவேதான் இருந்தாள். ஒரு நிமிஷம்கூட நகரவில்லை. அப்படியானால் இத்தனை நாளும்...

"போட்டாச்சு" என்றார் டீச்சர். இந்த முறை கூரையைப் பார்த்துச் சொல்லவில்லை. சின்னவளின் கண்ணைப் பார்த்துச் சொன்னார். கேட்டது டீச்சரின் குரல் மாதிரியும் இல்லை. அந்த வீட்டில் எல்லாருக்கும் பழகிய, கொஞ்சம் கரகரத்த இன்னொரு குரல் மாதிரி இருந்தது.

"ஐயோ அத்தை!" சின்னவள் தரையில் மடிந்து விழுந்தாள். "நான்தான்... நான்தான் அத்தை! அக்கா இல்லை!"

"வாயை மூடுடி!" பெரியவள் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள். "குழந்தை நாலு மணிக்கு ஸ்கூல்லேர்ந்து வந்துடும்டி! என்ன பேசறோம்னு தெரியுதா?"

சின்னவள் அந்தக் கையை விலக்கினாள். "போதும்க்கா. ஆறு வருஷம் என் குழந்தைக்கு நீங்க காவல் இருந்தது போதும்." அட்டைகளைத் துடைத்தது, மாட்டியது, ஊசி போட்டது எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். கடைசியில் குரல் தேய்ந்துபோயிற்று. "உங்களுக்குக்கூடச் சொல்லாத ஒண்ணு இருக்குக்கா. ஊசியை எடுத்தப்ப அத்தை என் கையைப் பிடிச்சாங்க. 'போட்டாச்சும்மா... போட்டாச்சு'ன்னு சொன்னாங்க. அப்பல்லாம் அவங்களுக்கு மறதி அதிகம்ல? மறதியில உளர்றாங்கன்னு நினைச்சுட்டேன்... அட்டையை நம்பினேன்க்கா, அவங்களை நம்பலை!"

பெரியவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். டீச்சர் ஆறு வருஷமாக யாருடைய வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று இப்போதுதான் புரிந்தது. அன்று காலை அடுத்த கட்டிலில் விழித்துக்கொண்டு கிடந்த டீச்சர்!

"இதை எங்கிட்டகூட மறைச்சுட்டியேடி..." என்றாள். சிறைக்குப் போனபோது வராத அழுகை அப்போது வந்தது.

அதிகாரி அங்கே விட்டிருந்த தன் பேனாவை எடுத்துக்கொண்டு சின்னவளைக் காட்டினார். "இவங்க இனிமே ஊசியைத் தொடக் கூடாது. வெளியிலேர்ந்து நர்ஸ் வரணும். நடந்ததை எழுதிக் குடுக்கட்டும், மேற்கொண்டு கோர்ட் பார்த்துக்கும். உரிமத்தை அதுவரைக்கும் நிறுத்தி வைக்கறேன், ஆனா யாரையும் நான் வெளியே அனுப்பப் போறதில்லை." பெரியவளைப் பார்த்தார். "நீங்க எங்கேயும் போக வேண்டாம்மா. அதை என் அறிக்கையில முதல் வரியா எழுதறேன்."

பெரியவள் முன்னறைக்குப் போய் அந்த வெள்ளைத் தாளைக் கொண்டுவந்து சின்னவள் மடியில் வைத்தாள்.

"ஒரு எழுத்துகூட எழுதாம வெச்சிருக்கேன். இது உன் பக்கம். உன் கையால எழுது."

"என்னை மன்னிப்பீங்களாக்கா?"

"முதல்ல எழுது. அழுதுக்கிட்டே எழுதாத, மை கலையும்." சொல்லிக்கொண்டே அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். "கோர்ட்டுக்கும் நான் கூட வரேன். வழி எனக்குத் தெரியும்."

புருஷன் கொல்லைப்பக்கம் போய் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். ஆறு வருஷத்தில் முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தான்.

"நீ... இதை... எங்க வைக்கட்டும்?"

"இத்தனை வருஷம் சுவத்துகிட்டதானே பேசினீங்க? அதுகிட்டயே கேளுங்க."

பெட்டியோடு அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். அவள் உடனே எழுந்துவிடவில்லை. அழட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய்ப் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். "கனமா இருக்கும். ரெண்டு பேருமா தூக்குவோம்."

மறுநாள் காலை ஆறு பத்துக்கு அவள் தனியாகப் படுக்கை அறைக் கதவைத் திறந்தாள். இரண்டாம் கட்டிலின் அட்டை அசையாமல், முகம் காட்டித் தொங்கியது. டீச்சர் விழித்துத்தான் இருந்தார். அவள் காத்து நின்றாள். டீச்சர் எதுவுமே சொல்லவில்லை.

பெரியவள் கட்டிலருகே போய் விரிப்பைத் தடவிக்கொடுத்தாள்.

"கேட்டுச்சு அத்தை" என்றாள்.